புது டியூப் போட்டும் ஃபயர்பாக்ஸ் பக்கம் ஒழுகுகிறது, திரும்ப ரோல் செய்யலாமா?

தீக்கதவு என்ற பெயரில் ஒருவர் கேட்டது:

பாரம்பரிய ரயில்பாதையில் ஓட்டுவதற்காகத் தன்னார்வலர்கள் சேர்ந்து தயார் செய்யும் நீராவி எஞ்சின். தீ எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸ் உருக்குத் தகடு. டியூப் முனைகள் நுழையும் தகடான டியூப் பிளேட் 13 மி.மீ. கனம். சூட்டுப் புகை நீருக்கு நடுவே ஓடும் 138 டியூப், நீளம் 3.6 மீட்டர், வெளிவிட்டம் 51 மி.மீ., சுவர் கனம் 3.25 மி.மீ. நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் கிடையாது. இயக்க அழுத்தம் 12 பார். பழைய டியூபை எல்லாம் எடுத்துவிட்டுப் புதியது போட்டாயிற்று.

நீர் அழுத்தச் சோதனைக்கு 15 பார் வரை ஏற்ற வேண்டும். 9 பாரிலேயே ஃபயர்பாக்ஸ் பக்கம் 14 டியூபில் சொட்டு. இறக்கிவிட்டு அந்த 14-ஐயும் மறுபடி ரோல் செய்ததில் (உள்ளே உருளைக் கருவி விட்டு விரித்து இறுக்கியதில்) 9 நின்றுவிட்டது. ஆனால் அதுவரை உலர்ந்திருந்த 11 டியூப் புதிதாக ஒழுக ஆரம்பித்திருக்கிறது. டியூபின் மறுமுனையில், புகை சேரும் ஸ்மோக்பாக்ஸ் பக்கம் ஒரு சொட்டும் இல்லை.

துளைகள் பெரும்பாலும் 51.8 மி.மீ. சிலவற்றில் ஒரு திசையில் 51.8, குறுக்கே அளந்தால் 52.6. டியூப் நேராகவே நுழைந்ததால் முனையைச் சுருக்கவில்லை. பழைய டியூபோடு மெல்லிய செம்பு வளையம் மாதிரி ஏதோ துண்டு துண்டாக வந்தது. அது கழிவில் போய்விட்டது. ரோல் செய்தது வெவ்வேறு நாளில் வெவ்வேறு ஆட்கள். கைக்கு இறுகியது தெரிந்ததும் நிறுத்தினார்கள்.

மூன்று கேள்வி: திரும்ப ரோல் செய்யலாமா? சுற்றி வெல்டு வைத்துவிடலாமா? "லேசாகத் தீ மூட்டினால் தானாக அடைத்துக்கொள்ளும்" என்கிறார்களே, அது சரியா?

---

வெண்புகை:

ரோலரை எடுத்து வைத்துவிட்டு அளவுகோலை எடுங்கள் சார். கோளாறு டியூபில் இல்லை, துளையில் இருக்கிறது. கழிவில் போன அந்தச் செம்பு வளையம்தான் பாதி விடை.

டியூப் முனை மெல்லியது, தகடு தடிமன். கரி போடக் கதவைத் திறந்ததும் குளிர்காற்று நேரே டியூப் முனைகளில் அடிக்கும். முனை உடனே சுருங்கும், தகடு அவ்வளவு சீக்கிரம் சுருங்காது, பிடி தளரும். நடுவில் செம்பு இருந்தால் அது துளையின் மேடுபள்ளத்துக்குள் போய் உட்காரும். உருக்கைவிடச் செம்பு சூட்டில் அதிகம் விரியும் என்பதால் சூடு ஏற ஏறப் பிடியும் கூடும். ஸ்மோக்பாக்ஸ் பக்கம் அந்த அளவு சூடு கிடையாது, துளைகளும் பெரும்பாலும் கெடாமல் இருக்கும்; அங்கே வளையம் போடாததற்கு அதுதான் காரணம்.

பழைய அமைப்பு அநேகமாக இப்படி இருந்திருக்கும்: முனையை 48 மி.மீ.க்குச் சுருக்கி, 1.6 மி.மீ. கனமுள்ள வளையத்தை வைத்தால் மொத்தம் 51.2. துளை 51.8. இடைவெளி 0.6. நீங்கள் சுருக்காமல், வளையமும் இல்லாமல் 51-ஐ நேரே நுழைத்தபோதும் இடைவெளி 0.8தான். பொருத்தம் சரியாக இருப்பது போலத் தெரிந்தது இதனால்தான்.

ஒன்றை நிறுத்தினால் பக்கத்தில் ஒழுகுவது ஏன் என்றால், இரண்டு துளைக்கும் நடுவில் இருக்கும் தகட்டுப் பாலம் குறுகலானது. ஒரு டியூபை அளவுக்கு மீறி உருட்டினால் அந்தப் பாலம் பக்கத்துத் துளையை நோக்கித் தள்ளப்படும். பக்கத்துத் துளை வட்டம் கெடும். அதை இறுக்கினால் அடுத்தது. இப்படியே போனால் 138-ம் முடிந்து, கடைசியில் பாலத்தில் விரிசல்தான் மிஞ்சும்.

ஒவ்வொரு டியூபின் உள்விட்டத்தையும் ரோல் செய்த இடத்தில் போர் கேஜால் அளந்து எழுதுங்கள். கணக்கு எளிது. உங்கள் டியூபின் முதல் உள்விட்டம் 44.5. இப்போதைய உள்விட்டத்தில் 44.5-ஐயும் துளை இடைவெளியையும் கழியுங்கள். மிச்சத்தை 6.5-ஆல், அதாவது இரண்டு சுவர்க் கனத்தால், வகுத்தால் சுவர் எவ்வளவு மெலிந்தது என்று வரும். 5 முதல் 8 சதவீதம் வரை நல்ல பிடி. 10-ஐத் தாண்டினால் உருட்ட உருட்ட உலோகம் கடினமாகிவிடும், அதற்கு மேல் உருட்டுவது வீண். 3-க்குக் கீழே என்றால் இன்னும் தகட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை.

---

தீக்கதவு:

ஒழுகும் டியூபுகளை மட்டும் அளந்தோம். உள்விட்டம் 45.4-இலிருந்து 47.1 வரை இருக்கிறது. 45.4 வந்தது 51.8 துளையில். 47.1 வந்தது வட்டம் கெட்ட துளை ஒன்றில்.

---

வெண்புகை:

இரண்டு தப்பும் ஒரே தகட்டில் இருக்கிறது. முதலாவது: 45.4 − 44.5 − 0.8 = 0.1. அதாவது 1.5 சதவீதம். இறுகவே இல்லை. இரண்டாவது, துளையின் சராசரி 52.2 என்று வைத்தால் இடைவெளி 1.2, மிச்சம் 1.4, 21 சதவீதத்துக்கு மேல். அது செத்த டியூப். "கைக்கு இறுகியது" என்று ஆளாளுக்கு நிறுத்தினால் இப்படித்தான் வரும். ஒருவர் கை மற்றவர் கை அல்ல. தன்னார்வலர்கள் மாறி மாறி வேலை செய்யும் இடத்தில் டியூப் எண், துளை அளவு, இலக்கு உள்விட்டம், உருட்டியவர், தேதி என்று ஒரு தாள் தகட்டுப் பக்கத்திலேயே தொங்க வேண்டும்.

1.5 சதவீதக்காரர்களை மறுபடி உருட்டிச் சோதனையைத் தேற்றிவிடலாம்தான். நான் செய்யமாட்டேன். வரைபடத்தில் வளையம் இருந்தால் எல்லா டியூபையும் கழற்றி, வளையத்தோடு திரும்பப் போடுங்கள். குளிர்ந்த நீரில் தேறி, தீயில் ஒழுகும் பாய்லரை வைத்துக்கொண்டு ஓட்ட நாள் அன்று முழிப்பதற்கு இது மேல்.

கழற்றும்போது தகட்டில் கேஸ் கட்டரைக் கொண்டுபோகாதீர்கள். டியூப் முனையில் தகட்டின் மேல் மடித்த விளிம்பை உளியால் வெட்டி, முனையை ஒரு பக்கம் கீறி உள்ளே மடக்கி, ஸ்மோக்பாக்ஸ் பக்கமாகத் தட்டி வெளியே எடுங்கள். உளி துளைச் சுவரைத் தொட்டால் நீளவாக்கில் ஒரு கீறல் விழும். அந்தக் கீறல் ஒன்று போதும், எவ்வளவு உருட்டினாலும் அதன் வழியே தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். துளைக்குள் விரல் நகத்தை வட்டவாக்கில் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் ரீமர் (துளையைச் சீவி வட்டமாக்கும் கருவி) போட்டே ஆக வேண்டும். 52.6 துளைகளையும் ரீமரால் வட்டமாக்கி, அவற்றுக்கு மட்டும் கனமான வளையம் போடலாம். எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதைப் பாய்லர் ஆய்வாளரிடம் முதலிலேயே எழுதி வாங்குங்கள். ரீமருக்குப் பிறகு துளையின் இரு விளிம்பிலும் பிசிர் நீக்கி லேசாக மழுக்கிவிடுங்கள். கூர் விளிம்பு டியூபை வெட்டும்.

கழற்றிய டியூப் வீணாகாது. கெட்ட முனைகளை அறுத்துவிட்டு, அதே குழாயில் 150 மி.மீ. துண்டைத் தகுதிச் சான்று உள்ள வெல்டரை வைத்து ஒட்டினால் பழைய நீளம் திரும்பும். முனையைச் செர்ரிப்பழச் சிவப்பு வரும் வரை காய்ச்சி, உலர்ந்த சுண்ணாம்புத் தூளிலோ சாம்பலிலோ புதைத்து ஆறவிடுங்கள். இதைத் தவிர்த்தால் விளிம்பு மடிக்கும்போது முனை பிளக்கும். துளை, வளையம், டியூப் முனை மூன்றும் உப்புத்தாளால் வட்டவாக்கில் தேய்த்துப் பளபளக்க வேண்டும். எண்ணெய் ரோலரின் மேல் மட்டும். தகட்டுக்கும் டியூபுக்கும் நடுவில் ஒரு துளி போகக் கூடாது.

வளையம் தகட்டின் தீப்பக்க முகத்துக்கு 1 மி.மீ. உள்ளேயே நிற்கட்டும். வெளியே நீட்டினால் விளிம்பு மடிப்பு அதன் மேல் உட்கார்ந்து, தீயில் செம்பு எரிந்ததும் அடியில் வெற்றிடம் விழும். டியூப் முனை தகட்டுக்கு வெளியே 5 முதல் 6 மி.மீ. நீட்ட வேண்டும். குறைந்தால் மடிக்கப் போதாது, கூடினால் மடிப்பு நுனி தகட்டில் படியாமல் தீயில் கருகும்.

உருட்டும் வரிசை: பக்கத்துப் பக்கத்து டியூபை அடுத்தடுத்துத் தொடாதீர்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் சிலவற்றை இறுக்கித் தகட்டை நிலைநிறுத்திவிட்டு, எதிரெதிராகப் போய் முடியுங்கள். ரோலர் தகட்டுக் கனத்தைத் தாண்டி 3, 4 மி.மீ. நீர்ப்பக்கம் போக வேண்டும். தகட்டுக்கு உள்ளேயே நின்றால் பாதிப் பிடிதான்.

---

பற்றுக்கோல்:

வெல்டு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. உருக்கு ஃபயர்பாக்ஸில் மடித்த விளிம்பைச் சுற்றி சீல் வெல்டு (கசிவை அடைக்கும் வெல்டு) வைப்பது அமெரிக்க எஞ்சின்களில் வழக்கமான முறை. எனவே அதைத் தப்பு என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் அது பிடியைக் காப்பதற்கு. பிடிக்குப் பதிலாக அல்ல. முதலில் ரோலும் மடிப்பும் தனியாகவே நீர்ச்சோதனையில் நிற்க வேண்டும். பிறகு ஒருமுறை நீராவி ஏற்றி, இடுக்கில் இருக்கும் எண்ணெய் எரிந்துபோன பின், சுத்தம் செய்து வெல்டு வைப்பார்கள். ஒழுகும் இடத்தில் நேரே வைத்தால் ஈரமும் எண்ணெயும் வாயுவாகி வெல்டில் ஊசித்துளை விழும். அடியில் தளர்ந்த டியூப் ஆடிக்கொண்டே இருந்து வெல்டையும் பிளக்கும். செம்பு ஃபயர்பாக்ஸ் என்றால் இந்த யோசனையே வேண்டாம்.

வெண்புகை சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய டியூபில் வளையம் வந்ததாலேயே அது முதல் வடிவமைப்பு என்று முடிவு கட்டாதீர்கள். நடுவில் யாராவது பெரிதான துளையைச் சமாளிக்கப் போட்டிருக்கலாம். வரைபடம் கிடைக்கவில்லை என்றால், கெடாத துளை ஒன்றையும் ஸ்மோக்பாக்ஸ் பக்கத் துளையையும் ஒப்பிட்டால் ஓரளவு புரியும். சாதாரணமாக ஸ்மோக்பாக்ஸ் துளை டியூபைவிட 2, 3 மி.மீ. பெரிது, படிவு ஏறிய டியூப் அந்த வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

---

தணல்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். லேசான கசிவு சில முறை சூடேறி ஆறியதும் துருப்பிடித்து அடைபடுவது உண்டு, உண்மைதான். அது வியர்வை மாதிரி ஈரம் தெரியும் இடத்துக்கு. 9 பாரில் சொட்டுகிற டியூபுக்கு இல்லை. சோதனை தேறாமல் தீ மூட்டுவது பேச்சுக்கே இடமில்லை.

சோதனை நீர் வெதுவெதுப்பாக, 20 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும். பழைய உருக்கு குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டது. அதோடு குளிர்ந்த தகட்டில் காற்றின் ஈரம் படிந்து எது கசிவு, எது பனி என்று தெரியாது. பாய்லரின் உச்சியில் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். நீர் அமுங்காது, காற்று அமுங்கும்; உள்ளே காற்று மாட்டியிருக்கும்போது ஏதாவது விட்டால் அது வெடிப்பு. சேஃப்டி வால்வை இறுக்கிக் கட்டாமல் கழற்றி மூடித்தகடு போடுங்கள்.

பம்ப் ஓடும்போதே, ஃபயர்பாக்ஸை வெளிக்கூட்டோடு இணைக்கும் கம்பிகளான ஸ்டேக்களையும் பார்த்துவிடலாம். இயக்க அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட நீர் ஏற்றிவிட்டு ஒவ்வொரு ஸ்டேயையும் சிறு சுத்தியலால் தட்டுங்கள். அழுத்தம் இருக்கும்போது உடைந்த ஸ்டேயின் இரு பாதியும் விலகி நிற்கும், ஓசை மட்டமாகக் கேட்கும். அழுத்தம் இல்லாதபோது உடைந்த முகங்கள் ஒட்டிக்கொண்டு நல்ல ஸ்டே மாதிரியே மணியடிக்கும். மேல் வரிசைகளையும் மூலைகளையும் நிதானமாகத் தட்டுங்கள், ஃபயர்பாக்ஸ் மேல்நோக்கி விரிவதால் வளைவு அங்கேதான் அதிகம். ஸ்டே நடுவிலுள்ள அடையாளத் துளைகளைச் சோதனைக்கு முன்பே துளைக்கம்பியால் சுத்தம் செய்திருக்க வேண்டும். பெயின்ட் அடைத்திருந்தால் உடைந்தாலும் அது கசிந்து காட்டாது.

முதல் தீ: முதல் நாள் விறகு மட்டும், அழுத்தமே வேண்டாம், நீர் 80, 90 டிகிரிக்கு வந்தால் போதும். மறுநாள் 3 பார், ஆறவிட்டுப் பார்வை. மூன்றாம் நாள் முழு அழுத்தம். தீக்குக் காற்றை இழுக்கும் புளோயரைத் திறந்து அவசரப்படுத்தினால் டியூப் சூடாகும், பாய்லரின் பீப்பாய் உடல் பின்தங்கும். 3.6 மீட்டர் டியூப் பீப்பாயைவிட 60 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 2.6 மி.மீ. அதிகம் நீளும். அந்த 2.6-ம் உங்கள் புது ரோலைத்தான் தள்ளும். ஃபயர்பாக்ஸின் அடிவளையத்தின் மேல் கை வைத்துப் பாருங்கள். மேலே கொதிக்கும்போதும் அங்கே கை பொறுக்கும் சூடுதான் என்றால் தீயைக் குறையுங்கள். அழுத்தத்தில் இருக்கும்போது எந்த மடிப்பையும் தட்டக் கூடாது, பாய்லரைக் கழுவும் துளையை மூடும் வாஷ்அவுட் பிளக்கை இறுக்கவும் கூடாது.

டியூபைக் கழற்றினால் அந்த நேரத்தில், நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸின் மேல், கீழ் இணைப்புத் துளைகள் இரண்டையும் கம்பி விட்டு, பாய்லருக்குள் விளக்கு போட்டு, வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். 1995-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பாரம்பரிய ரயிலில் 1278 எண் எஞ்சினின் ஃபயர்பாக்ஸ் கூரைத் தகடு தண்ணீர்க் குறைவால் கிழிந்து மூன்று பேர் காயமடைந்தார்கள். கேஜ் கிளாஸ் இணைப்புகளில் படிவு அடைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது.

---

தீக்கதவு:

வரைபடத்தின் பழைய நகல் கிடைத்தது. ஃபயர்பாக்ஸ் பக்கம் வளையம் காட்டியிருக்கிறது, கனம் 1.6 மி.மீ. எல்லாம் கழற்றுவதாக முடிவு. வளையத்துக்குச் செம்புக் குழாயை அறுத்துக்கொள்ளலாமா, அதையும் காய்ச்ச வேண்டுமா?

---

வெண்புகை:

அறுத்துக்கொள்ளலாம், தையல் இல்லாத குழாயாக இருக்கட்டும். தகட்டுக் கனம் 13 என்றால் வளையம் 12 மி.மீ. அகலம், நீர்ப்பக்க முகத்தோடு சமமாக. அறுத்த பிசிரை நீக்கிவிட்டு மங்கிய சிவப்பு வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். உருக்கு மாதிரி செம்பை மெல்ல ஆறவிடத் தேவையில்லை. வளையத்தைத் துளையில் வைத்து லேசாக ஒரு சுற்று உருட்டி நிறுத்திய பிறகு டியூபை நுழையுங்கள். இல்லாவிட்டால் டியூப் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கணக்கில் இடைவெளியை வளையம் உட்கார்ந்த பிறகு அளந்து போடுங்கள், சுருக்கிய முனையின் உள்விட்டத்தையும் சுவர்க் கனத்தையும் புதிதாக அளந்துகொள்ளுங்கள். 44.5-உம் 6.5-உம் இனி செல்லாது.