திடத்துக்கும் வாயுவுக்கும் மட்டும் பொதுவான பண்பு எது? வென்படத்தில் ஒரு இடம் காலியாகவே நிற்கிறது

கரும்பலகை எழுதியது:

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். திட, திரவ, வாயு நிலைகளை இத்தனை வருடமும் ஒரே அட்டவணை போட்டுத்தான் நடத்தினேன். வடிவம் உண்டா, பருமன் மாறுமா, பாயுமா என்று மூன்று பத்தி. வேற்றுமைகளைப் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். "சரி, இவற்றுக்குள் என்ன ஒற்றுமை?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் இந்த வாரம் ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்களாக ஒரு வென்படம் வரைந்து, அவர்களையே நிரப்பச் சொன்னேன். நடுவில் நிறைய வந்தது: நிறை உண்டு, இடத்தை அடைக்கும், துகள்களால் ஆனது, துகள்கள் ஓயாமல் அசையும், சூடாக்கினால் விரியும், ஒலி கடத்தும். திடமும் திரவமும் சேரும் இடத்தில் "பருமன் மாறாது, எளிதில் அமுங்காது". திரவமும் வாயுவும் சேரும் இடத்தில் "பாயும், பாத்திரத்தின் வடிவத்தை எடுக்கும்". திடமும் வாயுவும் மட்டும் சேரும் இடம் காலி.

வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அது இன்னும் யாரும் கண்டுபிடிக்காததா, இல்லை எதுவுமே கிடையாதா?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் ஆகிவிட்டது. அயோடின் திடத்திலிருந்து நேராக ஆவியாகிறதே, பதங்கமாதல் என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். மனசு ஒப்பவில்லை. அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். உதவுங்கள்.

படிகம் எழுதியது:

மிக நல்ல கேள்வி, உங்கள் மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அந்த இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும். ஏன் என்பதில்தான் பாடமே இருக்கிறது.

பண்புகளைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, துகள்களைப் பற்றி இரண்டே கேள்வி கேளுங்கள். துகள்கள் நெருக்கமாக இருக்கின்றனவா, விலகி இருக்கின்றனவா? ஒவ்வொரு துகளும் தன் இடத்திலேயே நின்று அதிர்கிறதா, இடம் மாறித் திரிகிறதா?

திடத்தில் நெருக்கம், இடம் மாறாது. திரவத்தில் நெருக்கம், ஆனால் இடம் மாறும். வாயுவில் விலகல், இடமும் மாறும்.

இப்போது உங்கள் வென்படத்தைப் பாருங்கள். திடமும் திரவமும் முதல் கேள்விக்கு ஒரே பதில் சொல்கின்றன. அதனால் நெருக்கத்தால் வருகிற பண்புகள் இரண்டுக்கும் பொது: நிலையான பருமன், அதிக அடர்த்தி, அமுக்கினால் அசையாத பிடிவாதம். திரவமும் வாயுவும் இரண்டாம் கேள்வியில் ஒத்துப்போகின்றன. அதனால் இரண்டும் பாய்கின்றன, பாய்மம் என்று ஒரே பெயரும் கிடைத்துவிட்டது. திடமும் வாயுவும் எந்தக் கேள்விக்கும் ஒரே பதில் சொல்வதில்லை. அப்புறம் அவற்றுக்கு மட்டும் பொதுவாக எது வந்து நிற்கும்?

எண்களையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பனிக்கட்டி உருகும்போது பருமன் பத்தில் ஒரு பங்குகூட மாறுவதில்லை (தண்ணீர் விஷயத்தில் குறையவே செய்கிறது). அதே தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் கொதித்து ஆவியாகும்போது பருமன் ஏறக்குறைய 1600 மடங்காகிறது. துகள்களுக்கு இடையிலான தூரம் என்று பார்த்தால் சுமார் 12 மடங்கு. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் போதும், ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரியில் ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும். உருகும்போது பிடி தளர்கிறது, ஆவியாகும்போது பிடி மொத்தமாக விட்டுப்போகிறது.

பதங்கமாதலை எழுதாமல் விட்டது சரி. இரண்டு ஊருக்கு இடையே நேர்வழி இருப்பதால் இரண்டு ஊரும் ஒரே மாதிரி ஆகிவிடாது.

அலைவரிசை எழுதியது:

படிகம் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். நடுவட்டத்தில் ஒரு சிறு திருத்தம் மட்டும். "சூடாக்கினால் விரியும்" என்பதற்கு முன்னால் "பெரும்பாலும்" என்று சேருங்கள். தண்ணீர் 0 டிகிரியிலிருந்து 4 டிகிரி வரை சூடாகும்போது சுருங்குகிறது.

ஒலியைப் பற்றியும் ஒன்று. காற்றில் நொடிக்கு 343 மீட்டர், தண்ணீரில் சுமார் 1480, எஃகில் 5900-ஐ ஒட்டி. மூன்றிலும் போகும், ஏனென்றால் அமுக்கினால் மூன்றுமே திருப்பித் தள்ளும். ஆனால் பக்கவாட்டில் சறுக்கினால் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்வது திடம் மட்டுமே. நிலநடுக்கத்தில் கிளம்பும் இரண்டாம் நிலை அலைகள் அப்படிப் பக்கவாட்டில் அசைப்பவை. அவை சுமார் 2900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் பூமியின் வெளிக்கருவுக்குள் போக முடியாமல் நின்றுவிடுகின்றன. வெளிக்கரு திரவம் என்பதற்கு அதுதான் பெரிய சான்று. யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தின் நிலையை இந்த ஒரு பண்பு சொல்லிவிடுகிறது என்பது எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும் விஷயம்.

கரும்பலகை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்றைக்கு இரண்டு கேள்விகளையும் பலகையில் எழுதி நான்கு கட்டம் போட்டேன். கூடவே ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சு. ஒன்றில் காற்று, ஒன்றில் தண்ணீர், முனையை விரலால் அடைத்து அழுத்தச் சொன்னேன். காற்று பாதிக்கு அமுங்கியது, தண்ணீர் அசையவே இல்லை. "தண்ணீர் கல்லு மாதிரி இருக்கு டீச்சர்" என்றான் ஒருவன். திட-திரவ ஒற்றுமையை இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் புதிதாக இரண்டு கேள்வி வந்திருக்கிறது. மணல் கொட்டுகிறதே, அது பாய்வது ஆகாதா? அந்த மாணவி கேட்டது இன்னொன்று: நான்காவது கட்டம், அதாவது விலகியும் இருக்கும், இடமும் மாறாது என்கிற கட்டம், எங்கேயுமே கிடையாதா?

படிகம் எழுதியது:

மணல் எளிது. கொட்டுவது மணிகள், ஒவ்வொரு மணிக்குள்ளும் இருக்கும் துகள்கள் தத்தம் இடத்தில்தான் இருக்கின்றன. தரையில் கொட்டினால் குவியலாக நிற்கும். திரவம் குவியாது, பரவி மட்டமாகிவிடும்.

மணலைவிடச் சிக்கலானது கீல், அதாவது தார் போன்ற கருப்புப் பொருள். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போல் உடையும். ஆனால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927-இல் அதைப் புனலில் ஊற்றி, இறுக விட்டு, 1930-இல் அடியைத் திறந்துவிட்டார். 2014 வரை ஒன்பதே சொட்டு. பொறுமையாகப் பார்த்தால் அதுவும் பாய்கிறது. திடத்துக்குள்ளேயும் துகள்கள் முழுக்கக் கட்டுண்டு கிடப்பதில்லை. திடமான ஈயத்துக்குள் தங்கம் விரவிப் போவதை ராபர்ட்ஸ்-ஆஸ்டன் 1896-இல் அளந்து காட்டினார். ஆக விரவுதலையும் நடுவட்டத்தில் எழுதலாம், வேகம் மட்டும் வேறு.

அழுத்தமானி எழுதியது:

நான்காவது கட்டத்துக்கு நான் பதில் சொல்கிறேன். சாதாரணப் பொருட்களில் அது கிடையாது. துகளை இடத்தில் நிறுத்துவது பக்கத்துத் துகளின் கவர்ச்சி, அது மிகக் குறுகிய தூரத்துக்கே எட்டும். விலகிப் போனால் பிடித்து வைக்க ஆள் இல்லை.

ஆனால் கவர்ச்சிக்குப் பதில் விலக்கு விசையை வைத்து அதைச் செய்திருக்கிறார்கள். பிளாஸ்மாவுக்குள், அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்கள் கொண்ட வாயுவுக்குள், நுண்ணிய தூசிகளை மிதக்கவிட்டால் அவை மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளும். வெளியேறவும் வழியில்லாததால், தொடாமலேயே வரிசையாக ஒழுங்குபட்டு நின்றுவிடும். 1994-இல் இப்படிப் பிளாஸ்மா படிகங்களை உருவாக்கிக் காட்டினார்கள். உங்கள் மாணவி கேட்ட கட்டத்துக்கு மிக அருகில் வருவது அதுதான்.

கட்டங்களுக்கு இடையே போடும் கோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவில் உள்ள கோடு முடிவில்லாமல் போவதில்லை. கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்கு மேல் வைத்துக்கொண்டு எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகத் தனியே பிரிந்து வராது, அடர்ந்துகொண்டே போகும். தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-இல் இதை விளக்கினார். தண்ணீருக்கு அந்த மாறுநிலை வெப்பநிலை 374 டிகிரி. அதைத் தாண்டினால் நெருக்கமும் விலகலும் அளவில் மட்டுமே வேறுபடும், நடுவில் எல்லை இருக்காது. திடத்துக்கும் திரவத்துக்கும் நடுவில் இப்படி முடிகிற இடம் எதுவும் காணப்படவில்லை. ஒழுங்கான அடுக்கு ஒன்று இருக்கும் அல்லது இருக்காது, பாதி அடுக்கு என்று இல்லையே.

கரும்பலகை எழுதியது:

இதைப் படித்துவிட்டு வகுப்புப் படத்தை மாற்றி வரைந்தேன். திடத்துக்கும் திரவத்துக்கும் நடுவில் பேனாக் கோடு. திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவில் பென்சில் கோடு, அதையும் மேல் விளிம்பு வரை கொண்டுபோகாமல் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். நாளை முதல் பாடவேளையில் அவளையே எழுந்து ஏன் என்று சொல்லச் சொல்லப்போகிறேன்.