புதுப்பிப்பு: ஃபவுண்டேஷன் போட்டதும் முகம் சாம்பல் பூத்த பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் மாநிறத்துக்குப் பொருந்தும் ஷேடுதான் போடுகிறேன், ஆனாலும் முகம் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது, பருவின் கருந்தழும்புகளும் மறையவில்லை என்று கேட்டிருந்தேன்.

ஷேடை மாற்றச் சொன்னவர்களே அதிகம். மாற்றியதில் முகமும் கழுத்தும் வேறு வேறாகத் தெரிந்தன, அவ்வளவுதான். “அடியில் என்ன சன்ஸ்கிரீன்?” என்று ஒருவர் கேட்டாரே, விடை அங்கேதான் இருந்தது. என்னுடையதில் ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் இருந்தன. இரண்டுமே வெள்ளைப் பொடிகள். காதோரத்திலும் புருவ முடிக்குள்ளும் மாவு படிந்த மாதிரி நின்றது. அந்த வெள்ளை ஃபவுண்டேஷனோடு கலந்துதான் சாம்பலாகியிருக்கிறது. டிண்டட் சன்ஸ்கிரீனுக்கு (தோல் நிறம் கலந்தது) மாறியதும் பழைய ஷேடே சரியாக உட்கார்ந்துவிட்டது.

தழும்புக்கு நீங்கள் சொன்ன ஆரஞ்சு கரெக்டரும் (கருமை தெரியாமலிருக்க ஃபவுண்டேஷனுக்கு அடியில் போடும் ஆரஞ்சு நிற கிரீம்) வேலை செய்தது. ஆனால் கருத்த இடத்தில் மட்டும், விரல் நுனியால் ஒற்ற வேண்டும். இழுத்துத் தேய்த்தால் ஃபவுண்டேஷனை மீறி ஆரஞ்சு எட்டிப் பார்க்கும்.

எதிர்பாராத ஒன்று: டிண்டட் சன்ஸ்கிரீனுக்கு நிறம் தருவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. கருந்தழும்பை இன்னும் கருக்க வைக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது ஓரளவு தடுக்குமாம். தழும்புகள் இப்போது மெல்ல மங்குகின்றன, ஆனால் அவை நாளடைவில் தானாகவும் மங்கும் என்பதால் முழுப் பெருமையையும் சன்ஸ்கிரீனுக்குக் கொடுக்க மாட்டேன்.

தழும்பு மங்கப் பூசும் நியாசினமைடு பற்றிக் கேட்டவர்களுக்கு: இன்னும் தொடங்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் எது பலன் தந்தது என்றே தெரியாது.