முகாம் குடும்பங்களுக்கு மருத்துவ உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். போரால் வீடிழந்து முகாம்களில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு மருத்துவ உதவி திரட்டுகிறோம். காயம்பட்டவர்களுக்குக் கிடைக்கும் கவனம் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கிடைப்பதில்லை. உயிர் பிழைக்க ஓடிவந்தவர்களிடம் பழைய மருந்துச் சீட்டுகூட இருக்காது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். கூடாரத்தில் மின்சாரமே இல்லை. அதனால் குளிர்பெட்டிகள்தான் முதல் தேவை. அடுத்து, குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பாக்கெட்டுகள்.

வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். நன்கொடை மருந்து காலாவதியாக இன்னும் ஓராண்டாவது மீதம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

மருந்தாளுநர்கள், அந்த மக்களின் மொழி தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வந்த மருந்துகளைப் பிரித்து அடுக்க வாரத்தில் இரண்டு மணி நேரம் கொடுத்தாலும் பேருதவி. இங்கேயே பதில் போடுங்கள், நானே அழைக்கிறேன்.