நாலு நிறப் பெட்டியும் ஒரு பாம்புப் புத்தகமும்

பழைய பேரேடு:

வணக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வாரத்தில் 3 நாள், மாலை வேளையில் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். 17 பேர், எல்லோரும் 9 முதல் 11 வயதுக்குள். ஒருத்தி கையில் எது கிடைத்தாலும் முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள். இன்னொருவனுக்கு ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்பதே இன்னும் தகராறு. எல்லோருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்தால் பாதிப் பேருக்குக் கொட்டாவி, மீதிப் பேருக்கு வயிற்றுவலி.

நான் 30 வருடம் கணக்கெழுதியவன். எண்ணிப் பார்க்காத எதன்மீதும் எனக்கு நம்பிக்கை வராது. சொல்லின் நீளத்தையும் வாக்கியத்தின் நீளத்தையும் வைத்து ஒரு நூல் எந்த வகுப்புக்கு ஆகும் என்று சொல்லும் சூத்திரங்கள் ஆங்கிலத்தில் இருப்பதாகப் படித்தேன். சரி, நாமும் செய்வோம் என்று உட்கார்ந்தேன். இருந்த 140 புத்தகங்களிலும் முதல் 100 சொற்களை எடுத்து, சொல்லுக்கு எத்தனை எழுத்து, வாக்கியத்துக்கு எத்தனை சொல் என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். ஒரு மாதம் பிடித்தது. (வீட்டில் வாங்கிய பேச்சு இந்த இழைக்கு வேண்டாம்.) கடைசியில் எளிதிலிருந்து கடினத்துக்கு, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று 4 பெட்டிகள். பிள்ளைகளையும் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, ஆளுக்கொரு நிறம் கொடுத்தேன்.

2 வாரம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு மஞ்சள் பையன், நான் பார்க்காத நேரத்தில் சிவப்புப் பெட்டியிலிருந்து பாம்புகளைப் பற்றிய புத்தகத்தை எடுத்துவிட்டான். ராஜா கதையில் இரண்டாம் பக்கத்தைத் தாண்டாதவன் அவன். பிடுங்கி வைக்கலாம் என்று போனால், "பாம்புக்கு வெளிய காது கிடையாது சார், தரையில வர்ற அதிர்வு தாடை எலும்பு வழியா உள்ள போகும்" என்கிறான். செதில், நச்சுப்பை, விரியன் எல்லாம் வாசிக்கிறான். மெதுவாகத்தான், ஆனால் வாசிக்கிறான்.

அதே நாள் சிவப்புப் பெட்டிக்காரி ஒருத்தி செய்தி வாசிப்பவர்போல ஒரு கதையைப் பிசிறில்லாமல் வாசித்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு சார்." அவ்வளவுதான். எத்தனை முறை கேட்டும் அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

என் கணக்கு தப்பா, பெட்டி தப்பா? அந்தப் பையனைத் திரும்ப மஞ்சளுக்கு அனுப்புவதா, விடுவதா?

மூன்றாம்பெஞ்சு:

ஐயா, நான் 19 வருடமாகத் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். உங்கள் நோட்டைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு தமிழில் நிற்காது.

ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வெளியிட்ட சூத்திரம் பார்ப்பது இரண்டே விஷயம்: வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை ஒலித்துண்டு. ஆங்கிலத்தில் நீளமான சொல் பெரும்பாலும் அரிதான சொல்லாக இருக்கும், அதனால் அங்கே ஓரளவு வேலைக்காகும். நம்மிடம் உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொண்டே போகும். 'பள்ளிக்கூடத்திலிருந்து' 12 எழுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 'அறம்' 3 எழுத்து. அதை விளக்க ஒரு பாடவேளை முழுக்க நான் திணறியிருக்கிறேன். உங்கள் கணக்குப்படி அறம் பச்சைப் பெட்டி!

எண்ணும் பழக்கத்தை விட வேண்டாம். பிள்ளை வாசிக்கும்போது எண்ணுங்கள். எம்மெட் பெட்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946இல் சொன்ன அளவுகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. 100 சொல்லில் 99ஐச் சரியாக வாசித்து, கேள்விகளில் 90 சதவீதத்துக்குப் பதில் சொன்னால் அந்தப் புத்தகத்தோடு பிள்ளையைத் தனியாக விடலாம். 95 சொல், 75 சதவீதம் என்றால் பக்கத்தில் ஆள் வேண்டும். சொல் 90க்கும் கீழே, புரிதல் பாதிக்கும் கீழே போனால் அது வதை. இந்த எல்லைகளைப் பின்னால் வந்தவர்கள் நிறையவே கேள்வி கேட்டார்கள். கை கொடுக்க ஆள் இருந்தால், இன்னும் கடினமான பாடத்தையும் வாசித்து மேலேறும் பிள்ளைகள் உண்டு. எனக்கு அவை காய்ச்சல் பார்க்கும் கருவி மாதிரி. பார்த்துக்கொள்வேன், அதை வைத்து மட்டும் மருந்து கொடுக்க மாட்டேன்.

எண்ணும் முறைக்கு, நியூசிலாந்தின் மேரி கிளே உருவாக்கிய குறிப்பெடுப்பைப் பாருங்கள். பிள்ளை வாசிக்க வாசிக்க நீங்கள் சொல்லுக்கொரு டிக் போட்டுக்கொண்டே போக வேண்டும். தப்பாகச் சொல்லித் தானே திருத்திக்கொண்டால் அது பிழைக் கணக்கில் வராது, தனியாகக் குறிக்க வேண்டும். தமிழுக்காக நான் ஒரு விதி சேர்த்துக்கொண்டேன். 'வந்துவிட்டார்கள்' என்று அச்சில் இருப்பதைப் பிள்ளை 'வந்துட்டாங்க' என்று வாசித்தால் நான் பிழை போடுவதில்லை. எழுத்துத் தமிழைப் பார்த்து, பொருளை வாங்கி, தன் பேச்சில் சொல்லியிருக்கிறது. புரியாமல் இதைச் செய்யவே முடியாது. முதல் 2 வருடம் இதையெல்லாம் பிழையாகப் போட்டு எத்தனை பிள்ளைகளைக் கீழே தள்ளினேனோ, நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

பாம்புப் பையனை விடுங்கள். ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988இல் 64 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியும் ஆட்டத்தை நன்கு அறிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். உங்கள் பையன் பாம்பில் சிவப்பு, ராஜா கதையில் மஞ்சள். ராஜா கதையில் எந்தச் சொல்லில் நிற்கிறான் என்று கவனித்தீர்களா?

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அப்படி வாசிப்பவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை, எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விடுவோம். "என்ன நடந்தது" என்று கேட்டால் அவளுக்கு அது பரீட்சை. கதை தெரியாத ஒருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

நூலகப்பூனை:

மூன்றாம்பெஞ்சு டீச்சர் சொன்னதோடு ஒன்று. தமிழில் ஒரு புத்தகத்தின் கடினத்தை அச்சுக்கோத்தவரும் தீர்மானிக்கிறார். 'மரக்கிளையிலமர்ந்திருந்தது' என்று சேர்த்து அடித்தால் தடுமாறும் பிள்ளை, 'மரக்கிளையில் அமர்ந்திருந்தது' என்று பிரித்திருந்தால் ஓடிவிடும். அதே கதைதான், அதே சொற்கள்தான். எங்கள் நூலகத்தில் சிறுவர் பகுதிக்கு எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான், அடுத்தது எழுத்தின் அளவும் வரிகளுக்கு இடையே உள்ள இடைவெளியும்.

சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை 4 நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், இலவசமாக வாசிக்கலாம். முதல் நிலைக் கதைகள் 250 சொல்லுக்குள் முடியும், நான்காம் நிலை 1500ஐத் தாண்டும். தொடக்கத்துக்கு வசதி. ஆனால் நிறைய மொழிபெயர்ப்புகள் என்பதால் கொடுப்பதற்கு முன் ஒரு பக்கத்தை நீங்களே வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். உங்கள் நாக்கே சிக்கினால் பிள்ளையின் நாக்கைக் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, அந்த நிறத்தைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். நானும் சின்ன வயதில் ஒரு பச்சை அட்டைக்காரிதான். என் அட்டையைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருப்பேன். வாசித்தது எதுவும் நினைவில்லை, ஒளித்தது நினைவிருக்கிறது.

குறுக்குக்கேள்வி:

இவ்வளவு அளவெடுப்பு எதற்கு? புத்தகத்தைக் கொட்டி வையுங்கள், பிடித்ததை எடுக்கட்டும். வேண்டுமானால் ஐந்து விரல் முறையைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு பக்கத்தை வாசிக்கும்போது தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்க வேண்டும். 5 விரலும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு வேறு புத்தகம். பிள்ளையே முடிவு செய்யும், உங்கள் நோட்டுக்கும் ஓய்வு.

மூன்றாம்பெஞ்சு:

விரல் முறை நல்லதுதான், நானும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் கொட்டி வைத்தால் போதும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கொம்பிலேயே தகராறு உள்ள பிள்ளை கும்பலில் தடிமனான புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, மற்றவர்கள் திருப்பும்போது தானும் பக்கத்தைத் திருப்பும். பார்ப்பதற்கு வாசிப்பு மாதிரியே இருக்கும். ஒரு வருடம் முழுக்க என்னை அப்படி ஏமாற்றிய பிள்ளையை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார ஆளும், அது முடிக்கக்கூடிய ஒரு புத்தகமும் வேண்டும். அதுவும் சிறு குழந்தைக்கான கதையாக இருக்கக் கூடாது. 10 வயதுப் பிள்ளையிடம் முயல்குட்டி கதையைக் கொடுத்தால் அவமானமாக இருக்காதா? எளிய சொல்லில் பெரிய விஷயம் பேசும் புத்தகம் கிடைப்பதுதான் கஷ்டம். படத்துக்குக் கீழே ஒரு வரி, இரண்டு வரி என்று வரும் அறிவியல் புத்தகங்களில் தேடிப் பாருங்கள்.

பழைய பேரேடு:

3 வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி.

நிறத்தாள்களைக் கிழித்துவிட்டேன். பசைத் தடம் போகவில்லை, எது எந்தப் பெட்டியில் இருந்தது என்று பிள்ளைகளுக்கு இன்னும் தெரிகிறது. நோட்டில் 140 புத்தகங்களின் பக்கங்களை மடக்கி வைத்துவிட்டு, 17 பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஒரு நாளைக்கு 2 பேர், ஆளுக்கு 100 சொல், டிக். 'வந்துட்டாங்க' வகைக்குத் தனிக் கட்டம். அந்தக் கட்டம் நிரம்பும் வேகத்தைப் பார்த்தால், முதலில் போட்ட நிறங்களில் பலவும் அதனாலேயே தப்பாகியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

டீச்சர் கேட்டபடி ராஜா கதையில் பையன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தேன். எழுத்தில் இல்லை. 'அரியணை', 'முடிசூட்டு', 'குறுநிலம்'. மூன்றையும் வாய்விட்டுச் சரியாகவே வாசித்தான், என்னவென்று தெரியாமல் நின்றுவிட்டான். இது கதை தொடங்கும் முன் 5 நிமிடம் பேசினால் தீர்கிற காரியம். பேசினேன், 4 பக்கம் போனான். பிறகு, "இதுல பாம்பு வருமா சார்?" என்றான். வராது என்றேன். மூடிவிட்டான்.

அந்தப் பெண்ணை, கொம்புத் தகராறு உள்ளவனுக்குக் கதை சொல்லும்படி உட்கார வைத்தேன். இரண்டு வாக்கியம் சொன்னாள். அவன், "எதுக்கு அவன் வீட்டைவிட்டுப் போனான்?" என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. சட்டென்று புத்தகத்தைப் பிரித்து மூன்றாம் பக்கத்துக்குப் போனாள், நான் சொல்லாமலே. இந்த முறை செய்தி வாசிப்பில்லை, முணுமுணுப்பு. அந்தப் பக்கத்துக்கு மட்டும் 6 நிமிடம் எடுத்துக்கொண்டாள். நோட்டில் குறித்திருக்கிறேன்.

கொம்புக்காரனுக்குத்தான் இன்னும் சரியான புத்தகம் அமையவில்லை. கதை கேட்கும் ஆசை மட்டும் வந்திருக்கிறது. விண்வெளி பிடிக்குமாம். பக்கத்துக்கு இரண்டு வரி, பிரித்து அடித்த சொற்கள், 10 வயதுக்காரன் கையில் வைத்துக்கொண்டு நடக்க வெட்கப்படாத அட்டை. அப்படி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.