எந்தெந்த மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிப்பது? வீட்டில் இரண்டு பட்டியல் ஓடுகிறது

கொலம்பஸ்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஒஹையோ ஸ்டேட்டில் நியூரோசயன்ஸ், மூன்றாம் ஆண்டு. இந்த மே மாதம் ஏஎம்காஸ் (எம்டி கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளம்) திறந்ததும் விண்ணப்பம் நிரப்ப வேண்டும். ஜிபிஏ (கல்லூரி மதிப்பெண் சராசரி) 3.74, எம்கேட் (மெடிக்கல் நுழைவுத் தேர்வு) 512. பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த ஊரில்தான். குடியுரிமை இருக்கிறது, விசா தலைவலி இல்லை.

எங்கே விண்ணப்பிப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. என் பட்டியல் எக்செல்லில்: ஹார்வர்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஸ்டான்ஃபோர்ட், டியூக், என்ஒய்யூ, கடைசியில் பச்சை நிறம் அடித்து ஒஹையோ ஸ்டேட். அவள் பட்டியல் கோடு போட்ட நோட்டில் பென்சிலில்: டொலிடோ, ரைட் ஸ்டேட், சின்சினாட்டி, ஒஹையோ யூனிவர்சிட்டியின் டிஓ (எம்டி அல்லாத இன்னொரு வகை மருத்துவப் பட்டம்) கல்லூரி. நான் "டொலிடோவா?" என்று மட்டும்தான் கேட்டேன். அன்று ராத்திரி ரசம் சாதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களால் யோசனை சொல்ல முடியும். வார இறுதியில் ஒரு நர்சிங் ஹோமில் எஸ்டிஎன்ஏ (நர்சிங் உதவியாளர்) வேலை. வயதானவர்களைத் திருப்பிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது. அவள் அம்மாவுக்கு ஆரம்பத்தில் மனசே ஒப்பவில்லை. அப்புறம் கொலம்பஸில் பூடானில் இருந்து வந்த நேபாளிக் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் வரும் ஓர் இலவச கிளினிக்கில் பிரஷர் பார்ப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் செய்கிறாள். தெரிந்த அரைகுறை இந்தியை வைத்துப் பாட்டிகளிடம் ஏதோ பேசிச் சமாளிக்கிறாளாம். ஆராய்ச்சி என்று பார்த்தால் ஒரே ஒரு லேப். கட்டுரை எதுவும் வெளிவரவில்லை.

ரேங்க் பார்த்துப் போடுவதா? எத்தனை கல்லூரிக்குப் போடலாம்? என் மைத்துனர் "கரீபியன் தீவுக் கல்லூரி ஒன்றையும் சேர்த்து வை" என்கிறார். கோயம்புத்தூர் அண்ணன் "ஊருக்கு அனுப்பு, என்ஆர்ஐ கோட்டாவில் சேர்த்துவிடலாம்" என்கிறார். நான் ஐடி ஆள், இதில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


டாக்டரம்மா எழுதியது:

அண்ணா, நான் ஃபேமிலி மெடிசின் ரெசிடென்ட் (பட்டத்துக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சியில் இருக்கிறேன்). எம்டி (இங்கே முதல் மருத்துவப் பட்டமே அதுதான்) படித்ததும் ஒஹையோவில்தான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மகளுடைய பட்டியல்தான் சரியான பக்கம் இருந்து தொடங்குகிறது.

முதலில் எண்களைப் பார்ப்போம். 2023இல் எம்டி கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தவர்கள் 52 ஆயிரத்துச் சொச்சம், சேர்ந்தவர்கள் சுமார் 23 ஆயிரம். சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.77, எம்கேட் 511.7. அதாவது உங்கள் மகள் சேர்ந்தவர்கள் கூட்டத்தின் நடுவில் நிற்கிறாள். நல்ல இடம்தான். ஆனால் அந்த வருடம் விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேல் எந்த எம்டி கல்லூரியிலும் சேரவில்லை. அவர்களில் இவளைப் போன்ற மதிப்பெண் வைத்திருந்தவர்களும் நிறையப் பேர். அவர்கள் எதில் கோட்டை விட்டார்கள் என்று கேட்டால், பலருக்கும் பட்டியல்தான்.

ரேங்கை விடுங்கள். ரேங்க் பட்டியல் போடும் யூஎஸ் நியூஸே 2024இல் மெடிக்கல் ஸ்கூல்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போடுவதை நிறுத்திவிட்டு நான்கு அடுக்குகளாகப் பிரித்துவிட்டது. என்ஒய்யூ 2018இல் எல்லோருக்கும் டியூஷனை (படிப்புக் கட்டணத்தை) ரத்து செய்தது, நாட்டில் உள்ள கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் அங்கே போடுகிறார்கள். அங்கே சேர்கிறவர்களின் எம்கேட் 520க்கு மேல். 512ஐ வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பது பணத்துக்குக் கேடு.

நீங்கள் பார்க்க வேண்டியது ஏஏஎம்சி (அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம்) நடத்தும் எம்எஸ்ஏஆர் தளம். சந்தா கட்டித்தான் முழுசாகப் பார்க்க முடியும், கட்டுங்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் மதிப்பெண் வீச்சு இருக்கும். அதைவிட முக்கியமாக, சொந்த மாநிலத்தவர் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், வெளி மாநிலத்தவர் எத்தனை என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். நான் விண்ணப்பித்தபோது மதிப்பெண்ணுக்கு முன்னால் அந்தப் பகுதியைத்தான் திறப்பேன். ஆயிரக்கணக்கில் வெளி மாநிலத்தவர் விண்ணப்பித்து விரல் விட்டு எண்ணும் அளவுக்கு அழைத்திருந்தால், பக்கத்தை மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

டெக்ஸாஸ் அரசுக் கல்லூரிகளில் வெளி மாநிலத்தவர் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மாநிலச் சட்டம். நார்த் கரோலினாவில் ஈஸ்ட் கரோலினா, மிசிசிப்பி பல்கலைக்கழகம் இரண்டும் தங்கள் மாநிலப் பிள்ளைகளை மட்டுமே எடுக்கும். ஜார்ஜியாவில் மெர்சர் தனியார் கல்லூரி, ஆனாலும் ஜார்ஜியாக்காரர்களுக்கு மட்டும்தான். தனியார் என்றால் கதவு திறந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். யூசி ரிவர்சைட் அதன் சுற்றுவட்டாரத்தில் வேலை பார்க்கப் போகும் டாக்டர்களைத் தேடுகிறது. கொலம்பஸ் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை?

அதே நியாயம் உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது. ஒஹையோவில் எம்டி கொடுக்கும் அரசுக் கல்லூரிகள் ஐந்து: ஒஹையோ ஸ்டேட், சின்சினாட்டி, டொலிடோ, டேட்டனில் ரைட் ஸ்டேட், ரூட்ஸ்டவுனில் நியோமெட். இவற்றில் பல இந்த மாநிலப் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம் கொடுக்கின்றன. கலிஃபோர்னியாவில் இருந்து எழுதும் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள், சொந்த மாநிலத்தில் இடம் கிடைக்காமல் பிள்ளைகள் நாடு முழுக்க அலைகிறார்கள். நீங்கள் வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள். ஐந்துக்கும் போடட்டும்.

கேஸ் வெஸ்டர்னும் க்ளீவ்லண்டில்தான் இருக்கிறது. நான்கு வருட எம்டிக்குப் போடலாம், எட்டாக்கனியாகவே இருந்தாலும் பரவாயில்லை. அதோடு சேர்ந்த க்ளீவ்லண்ட் கிளினிக் லெர்னர் பிரிவு வேறு. வருடத்துக்கு 32 பேர், ஐந்து வருடம், எல்லோருக்கும் முழு டியூஷன் உதவித்தொகை. டியூஷன் இல்லை என்றதும் உங்கள் எக்செல் துள்ளும், தெரியும். ஆனால் அது ஆராய்ச்சிக்கென்றே வைத்த படிப்பு. ஒரே ஒரு லேப், கட்டுரை இல்லை என்றால் அதை விட்டுவிடலாம்.

வெளி மாநிலத்தில் சுமார் ஒரு டஜன் போதும். மகளுடைய பலம் நர்சிங் ஹோமும் அந்த நேபாளிப் பாட்டிகளும். அதை மதிக்கும் கல்லூரிகளைப் பாருங்கள். சிகாகோவில் ரஷ் சேவைக்கு ரொம்ப முக்கியத்துவம் கொடுக்கும். லயோலா, நெப்ராஸ்காவில் கிரைட்டன் இரண்டும் ஜெசூட் கல்லூரிகள், அங்கேயும் சேவைக்கு மதிப்பு உண்டு. விஸ்கான்சின் மெடிக்கல் காலேஜ், பென் ஸ்டேட், ஃபிலடெல்ஃபியாவில் ஜெஃபர்சன், டெட்ராய்ட்டில் வெய்ன் ஸ்டேட், பக்கத்தில் இண்டியானா என்று பார்க்கலாம். ஜார்ஜ்டவுன், ஜார்ஜ் வாஷிங்டன், பாஸ்டன் எல்லாம் பத்தாயிரத்துக்கு மேல் விண்ணப்பம் குவியும் இடங்கள். ஆசைக்கு ஒன்று போடுங்கள், மூன்றும் வேண்டாம்.


சித்தப்பா ஹியூஸ்டன் எழுதியது:

டாக்டரம்மா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. மைத்துனருக்கும் அண்ணனுக்கும் மட்டும் பதில் சொல்கிறேன்.

கரீபியன்: 2024 மேட்சில் (பட்டம் முடித்தவர்களுக்கு ரெசிடென்சி இடம் ஒதுக்கும் முறை) இங்கே எம்டி முடித்தவர்களில் 93 சதவீதத்துக்கு மேல் ரெசிடென்சி கிடைத்தது, டிஓவில் 92. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அமெரிக்கக் குடிமக்களுக்கு 67. அந்த 67கூட மேட்ச் வரை வந்து சேர்ந்தவர்களின் கணக்குதான், நடுவில் படிப்பை விட்டவர்கள் இதில் இல்லை. 512 வைத்திருக்கும் பெண்ணுக்கு அது எதற்கு?

கோயம்புத்தூர்: நீட் எழுதியாக வேண்டும். இந்திய அரசின் 2021 அறிவிப்புக்குப் பிறகு ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்கள்) பிள்ளைகளுக்கு என்ஆர்ஐ இடங்கள்தான். ஐந்தரை வருடம் முடித்துத் திரும்பி வந்தால் இங்கே அவளும் வெளிநாட்டுப் பட்டதாரிதான், அதே 67 சதவீத வரிசை. அங்கேயே இருந்து டாக்டர் தொழில் பார்க்கப் போகிறாள் என்றால் பேச்சு வேறு. அவளைக் கேட்டீர்களா?


கொலம்பஸ்காரன் எழுதியது:

டாக்டரம்மா, சித்தப்பா, இருவருக்கும் நன்றி. மைத்துனருக்கு இந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பிவிட்டேன்.

இரண்டு சந்தேகம். டிஓ போட்டால் நாளைக்குக் கார்டியாலஜி, சர்ஜரி என்று போக முடியுமா? சொந்தக்காரர்களிடம் "அதுவும் டாக்டர்தான்" என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டுமோ என்ற கவலை எனக்கு (அவளுக்கு இல்லை). இன்னொன்று, கடன். முழுசும் கையில் இருந்து கட்டும் வசதி எங்களுக்கு இல்லை.


டாக்டரம்மா எழுதியது:

டிஓ முழு மருத்துவர்தான் அண்ணா. ஐம்பது மாநிலத்திலும் ஒரே உரிமை, ஒரே மருந்துச் சீட்டு. 2020 முதல் எம்டிக்கும் டிஓவுக்கும் ரெசிடென்சிக்கு ஒரே மேட்ச். என்னோடு வேலை பார்ப்பவர்களில் யார் டிஓ என்பது கோட்டில் தைத்த பெயரைப் படித்தால்தான் தெரியும். இன்டர்னல் மெடிசின் முடித்துக் கார்டியாலஜி போனவர்களும் உண்டு. ஆனால் டெர்மட்டாலஜி, நியூரோ சர்ஜரி, ஆர்த்தோ போன்றவற்றுக்கு டிஓ பாதை கடினம், அதை மறைக்க மாட்டேன். அவர்களுக்கு காம்லெக்ஸ் என்று தனித் தேர்வு, அதோடு பலர் எம்டிக்காரர்கள் எழுதும் யூஎஸ்எம்எல்இயும் எழுதுகிறார்கள். இரட்டை வேலை.

ஒஹையோ யூனிவர்சிட்டியின் டிஓ கல்லூரிக்கு ஆதென்ஸ் தவிர கொலம்பஸ் பக்கத்தில் உங்கள் டப்ளினிலும் க்ளீவ்லண்டிலும் வளாகம் இருக்கிறது. அது ஒஹையோவுக்கு டாக்டர் உருவாக்கத்தான் நடக்கிறது. வீட்டில் இருந்தே போய்ப் படிக்கக்கூட வாய்ப்பு உண்டு. டிஓவுக்கு விண்ணப்பம் வேறு, ஏஏகாம்காஸ்.

கடன் விஷயம்தான் உங்கள் பட்டியலை மாற்ற வேண்டியது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற ஃபெடரல் கடன் கிடையாது. மெடிக்கல் மாணவருக்கு ஃபெடரல் கடன் வருடத்துக்கு 50 ஆயிரம், மொத்தம் 2 லட்சம் டாலர், அவ்வளவுதான். பல தனியார் கல்லூரிகளில் டியூஷன் மட்டுமே 65 ஆயிரத்தைத் தாண்டுகிறது. வாடகை, சாப்பாடு தனி. மிச்சத்துக்குத் தனியார் வங்கிக் கடன், அதற்கு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். சொந்த மாநில டியூஷனில் டொலிடோ என்பது இனிமேல் வேறு கணக்கு.


ஃபில்லி பொண்ணு எழுதியது:

அங்கிள், நான் ஃபிலடெல்ஃபியாவில் இரண்டாம் ஆண்டு மெடிக்கல் ஸ்டூடன்ட். தமிழில் டைப் பண்ணுவது எனக்கு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை கல்லூரி என்று கேட்டீர்கள். முதல் விண்ணப்பத்தில் கூடுதலாக ஒரு கல்லூரியை டிக் செய்ய ஐம்பது டாலரை ஒட்டித்தான் ஆகும், அதனால் கை தானாக டிக் செய்துகொண்டே போகும். வேலை எல்லாம் ஜூலையில் வரும் செகண்டரியில், அதாவது இரண்டாவது விண்ணப்பத்தில். ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கட்டுரை கேட்கும், தனியாகப் பணமும் கேட்கும், பெரும்பாலும் நூறு டாலர் அளவில். "எங்கள் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தாய்" என்பது கண்டிப்பாக இருக்கும். இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்புவது நல்லது. அந்த மாதம் நான் ஏசி இல்லாத அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். பட்டியலின் கடைசியில் இருந்த கல்லூரிகளுக்கு நான் எழுதியதை இப்போது படித்தால் எனக்கே தூக்கம் வருகிறது. அவற்றில் ஒன்றுகூட என்னை இன்டர்வியூவுக்கு அழைக்கவில்லை.

அதனால் ஒரு யோசனை. பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் உங்கள் மகள் இப்போதே அந்தக் கேள்விக்கு நான்கு வரி எழுதிப் பார்க்கட்டும். ரேங்கையும் வெயிலையும் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை என்றால் அந்தப் பெயரை அடித்துவிடலாம். எனக்கு இருபது தாண்டியபோது கை ஓய்ந்துவிட்டது.

காஸ்பர், பிரிவ்யூ என்று சில கல்லூரிகள் தனித் தேர்வும் கேட்கும். யார் கேட்கிறார்கள் என்று முன்பே பார்த்துத் தேதி வாங்கிவிடுங்கள். விண்ணப்பத்தை ஜூன் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுங்கள். பல கல்லூரிகள் வர வர இடத்தை நிரப்பிக்கொண்டே போகும், தாமதித்தால் நல்ல மதிப்பெண்ணுக்கும் மரியாதை இல்லை.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். பாஸ்வேர்டு அவளிடமே இருக்கட்டும்.


கொலம்பஸ்காரன் எழுதியது:

பாஸ்வேர்டு எனக்கு அவள் தரவே இல்லை, அம்மா.

நேற்று எம்எஸ்ஏஆர் சந்தா கட்டி இருவரும் உட்கார்ந்தோம். நான்கு வரி சோதனையை வைத்தாள். என் பட்டியலில் ஸ்டான்ஃபோர்டுக்கு "வெயில்" என்று மட்டும் எழுதி என்னைப் பார்த்தாள். அடித்தாயிற்று. டியூக், ஹார்வர்ட், என்ஒய்யூவும் போயின. ஹாப்கின்ஸை நான் கெஞ்சி வைத்திருக்கிறேன். 2024இல் வந்த ப்ளூம்பெர்க் நன்கொடைக்குப் பிறகு வருட வருமானம் 3 லட்சம் டாலருக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு அங்கே டியூஷன் இல்லை என்பது என் வாதம். கிடைத்தால் பார்க்கலாம் என்று சிரிக்கிறாள்.

ஒஹையோ ஐந்து, கேஸ் வெஸ்டர்ன், டிஓ ஒன்று, வெளியே ரஷ், லயோலா, பென் ஸ்டேட், வெய்ன் ஸ்டேட், இண்டியானா இதுவரை உறுதி. ரஷ்ஷுக்கு நான்கு வரி கேட்டால் நர்சிங் ஹோமைப் பற்றி ஒரு பக்கமே எழுதிவிட்டாள். கிரைட்டனுக்கு இன்னும் யோசிக்கிறாள், ஒமாஹாவில் யாரையும் தெரியாதாம். அங்கே யாராவது நம் ஆட்கள் இருந்தால் கல்லூரியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள். குளிர் எப்படி என்று கேட்கவில்லை, அது இங்கேயே போதுமான அளவு இருக்கிறது.