எலெக்ட்ரிக் பியானோவுக்கு கோரஸ்: ஹெட்போனில் அகலம், போனில் சுருதி ஆட்டம்

கீஸ்_84:
84 பிபிஎம் பாட்டு. ரோட்ஸ் (எலெக்ட்ரிக் பியானோ) டோன் டிராக்ல ஸ்டீரியோ கோரஸை (கொஞ்சம் தாமதமா, சுருதி ஆடுற நகலைக் கலக்குற எஃபெக்ட்) இன்சர்ட்டா, அதாவது டிராக் மேலயே நேரா போட்டிருக்கேன்: ரேட் (ஆட்ட வேகம்) 1.5 ஹெர்ட்ஸ், டிலே 10 மில்லிசெகண்ட், டெப்த் (டிலே ஆடுற அளவு) ±3 மில்லிசெகண்ட், மிக்ஸ் 50%. ஹெட்போன்ல நல்லா விரிஞ்சு கேக்குது. மோனோ பட்டனை அழுத்தினா கார்டு சுருதி விலகி ஆடுது, சத்தமும் மெலியுது. போன்லயும் அதே கதை. ரேட்டைக் குறைக்கணுமா, டெப்த்தையா? இல்ல ஃபிளேஞ்சர் (ரொம்ப குட்டி டிலே ஆடுற எஃபெக்ட்), ஃபேஸர் (சத்தத்துல பள்ளங்களை நகர்த்துற எஃபெக்ட்)னு மாறிடவா?

சுருதிப்பெட்டி:
ரெண்டையும் சேர்த்துத்தான் பாக்கணும். எல்எஃப்ஓ (டிலேயை மெல்ல ஆட்டுற அலை) சைன் அலைன்னா சுருதியோட உச்ச விலகல் = 2π × ரேட் × டெப்த். உங்க செட்டிங்ல 6.28 × 1.5 × 0.003 = 0.028, அதாவது சுமார் 48 சென்ட் (ஒரு செமிடோனுக்கு 100 சென்ட்). அரை செமிடோன்! நீட்டிப் பிடிக்கிற கார்டு இதைத் தாங்காது. ரேட் 0.5, டெப்த் ±2ன்னு வச்சா 11 சென்ட்தான். ரேட்டை ஏத்தணும்னா அதே விகிதத்துல டெப்த்தை இறக்கிடுங்க.

பஸ்_பாண்டி:
மெலியறதுக்குக் காரணம் வேற. 10 மில்லிசெகண்ட் தள்ளி வர்ற சத்தம் நேர் சத்தத்தோட கலந்தா 50, 150, 250 ஹெர்ட்ஸ்னு அங்கங்க சத்தம் குறைஞ்சு பள்ளம் விழும். டிலேயை 20–25க்குக் கொண்டு போங்க. பள்ளங்கள் நெருங்கிடும், அவ்வளவா உறுத்தாது.

இன்சர்ட்டை எடுத்துட்டு செண்ட்ல (send: டிராக்கோட ஒரு நகலைத் தனி சேனலுக்கு அனுப்புறது) போடறது நல்லது. முதல்ல 200 ஹெர்ட்ஸ் லோ கட் (அதுக்குக் கீழ உள்ளதை வெட்டறது), அப்புறம் கோரஸ், மிக்ஸ் 100%. செண்ட் அளவு -10 டிபில ஆரம்பிங்க. மிக்ஸை 50லயே விட்டுட்டா நேர் சத்தம் ரெண்டு வழியா வந்து லெவலைக் கெடுக்கும்.

சில பிளக்இன்ல வலது பக்க ஈர சத்தத்தோட (எஃபெக்ட் வழியா வந்த சத்தம்) போலாரிட்டி, அதாவது அலையோட மேல்-கீழ், திருப்பியிருக்கும். மோனோல கோரஸே காணாமப் போயிடும். உங்களுக்கு ஆட்டம் கேக்கறதால அது இல்ல.

நாலு_ஸ்டேஜ்:
ஃபிளேஞ்சர் வேண்டாங்க, ஃபீட்பேக்கோட சேர்ந்தா கார்டுல தகர வாடை அடிக்கும். ரோட்ஸுக்கு என் ஓட்டு ஃபேஸருக்குத்தான். 1974ல வந்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90க்கு ஸ்பீடுன்னு ஒரே குமிழ், 4 ஸ்டேஜ் (ஃபேஸை மாத்துற சுற்றுகள்), ரெண்டே பள்ளம். மோனோ பெடல், அதனால போன்ல இழக்க ஒண்ணுமில்ல. பிளக்இன்னா ரேட் 0.3 ஹெர்ட்ஸ், ஃபீட்பேக் குறைவா வைங்க.

ரோட்ஸ் சூட்கேஸ் (ஸ்பீக்கரோட வர்ற ரோட்ஸ் மாடல்)ல 'வைப்ராட்டோ'ன்னு எழுதியிருக்கறது உண்மையில இடம்-வலம் மாறுற ட்ரெமலோ (சத்தம் ஏறி இறங்கறது). அந்த அசைவு வேணும்னா ஆட்டோ-பேன் போட்டு எட்டாம் நோட்டுக்கு சின்க் பண்ணுங்க, 84ல 2.8 ஹெர்ட்ஸ் வரும். மோனோல அசைவு மறையும், ஆனா சுருதி அசையாது.