மறு: ‘பிளைண்ட் சைனிங்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். கிரிப்டோ பணப்பைச் செயலியைத் தமிழாக்கும் நம் சொற்பட்டியலில் ‘பிளைண்ட் சைனிங்’ என்பதற்குப் பெயர் தேடுகிறோம். ஒரு பரிவர்த்தனை உண்மையில் என்ன செய்யும் என்று திரையில் தெரியாமலே அதற்குக் கையொப்பமிடுவதுதான் அது.

> ‘குருட்டுக் கையொப்பம்’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் மறையியலில் (கிரிப்டோகிராஃபி) ‘பிளைண்ட் சிக்னேச்சர்’ என்று வேறொன்று இருக்கிறது. மறையியலாளர் டேவிட் சாம் 1982இல் முன்வைத்தது. அங்கே ஒப்பமிடுபவர் உள்ளடக்கத்தைப் பார்க்கக் கூடாது என்பதே ஏற்பாடு, மின்பணத்தில் அந்தரங்கம் காக்க. நாம் பேசுவதோ கிரிப்டோ பணப்பைச் செயலியின் கோளாறு. ஆங்கிலத்தின் குழப்பத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? சாமுடையதற்கு ‘மறைகையொப்பம்’ போதும்.

தவிர, ‘குருட்டு’ என்றதும் பழி கையெழுத்துப் போட்டவர் தலையில் விழுகிறது. (பார்வையற்றோரும் திரைபடிப்பானோடு இதே செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள், அது தனி.) 2025 பிப்ரவரியில் பைபிட் பரிமாற்றகத்திலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் நாணயம் திருடு போனதே, அதில் ஒப்பமிட்டவர்கள் கண்ட இணையத் திரையில் வழக்கமான பரிமாற்றம்தான் இருந்தது. அந்தத் திரையின் நிரலையே திருடர்கள் மாற்றியிருந்தார்கள். அவர்கள் உண்மையில் ஒப்பமிட்டதோ, பணப்பையை இயக்கும் ஒப்பந்த நிரலையே மாற்றும் கட்டளைக்கு. 2017இல் முன்மொழிந்த இஐபி-712 என்ற எத்தீரியம் தரமுறை, ஒப்பமிடும் தரவைப் புலம் புலமாகக் காட்ட வழி தருகிறது. அதையும் வெறும் ஹாஷாக, அதாவது தரவிலிருந்து கணக்கிட்ட நீண்ட எண்வரிசையாக, காட்டும் கருவிகள் உண்டு. அந்த எண்வரிசையை யார் வாசிப்பது?

> ‘அறியாக் கையொப்பம்’?

நெருங்கி வருகிறது. என் வாக்கு ‘தெரியாக் கையொப்பம்’ என்பதற்கு. தெரிதல் கண்ணுக்கும் பொருந்தும், அறிவுக்கும் பொருந்தும். ‘தெரியாம கையெழுத்துப் போட்டுட்டேன்’ என்பது பத்திர வழக்குகளில் அடிபடும் பேச்சுதானே. இதற்கு எதிரான, விவரம் தெரிந்து ஒப்பமிடும் ‘கிளியர் சைனிங்’குக்கு ‘தெரிகையொப்பம்’ கிடைத்துவிடுகிறது.

சரி, இது ஆவணங்களுக்கு. எச்சரிக்கைப் பெட்டியில் இந்தப் பெயர்ச்சொல் வேண்டாம். ‘இந்தப் பரிவர்த்தனை என்ன செய்யும் என்று எங்களால் காட்ட முடியவில்லை’ என்று வாக்கியமாகவே எழுதுவோம். இந்த வாக்கியம் புரிகிறதா என்று எத்தீரியத்தின் சோதனை வலையமைப்பில் காசு போகாமல் சோதிக்கலாம். பொத்தானை அழுத்தியவரிடம் ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார். ‘இப்போது யாருக்கு, எதற்கு அனுமதி கொடுத்தீர்கள்?’ என்று கேளுங்கள்.

அப்புறம், சொற்பட்டியலில் ‘அப்ரூவ்’ பொத்தானுக்கு ‘ஒப்புதல்’ என்று இருக்கிறது. ஒருமுறைச் சம்மதம்போல ஒலிக்கிறது. எத்தீரியம் டோக்கன்களுக்கான இஆர்சி-20 தரமுறையில் அது, வேறொரு ஒப்பந்த நிரல் நம் டோக்கனைக் குறித்த வரம்புவரை பிறகும் எடுத்துக்கொள்ளத் தரும் உரிமை. வரம்பே இல்லாமல் கேட்கும் தளங்களும் உண்டு. ‘எடுக்க அனுமதி’ என்று மாற்றலாமா?